மார்க் இருக்கு, பணம் எங்கே? – உதவித்தொகை கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி 'எந்தக் காலேஜில் சேர்க்கலாம்' என்று இருக்கும், மீதிப் பாதி 'ஸ்காலர்ஷிப் கிடைக்குமா' என்று இருக்கும். ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு மேசையிலேயே இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், இரண்டாவது ரகத்தை ஆசிரியர் குழு மொத்தமாக என் தலையில் கட்டிவிட்டது. சாதி, வருமான அடிப்படையில் வரும் உதவித்தொகைகளைப் பற்றித் தனியாக ஒரு இதழில் பேசலாம். இந்த முறை மார்க்கையும் திறமையையும் பார்த்து அரசாங்கம் கொடுக்கும் பணத்தைப் பற்றி மட்டும்.

ஐயா, என் மகள் பிளஸ் டூவில் 600க்கு 486, அதாவது 81 சதவீதம். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 80 வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் விண்ணப்பித்தோம். தகுதி இல்லை என்று வந்துவிட்டது. ஒரு சதவீதம் கூடுதலாக இருந்தும் ஏன்? – ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, உங்கள் மகள் மேல் தப்பில்லை, அந்த 80க்குப் பின்னால் வரும் சொல்தான் வில்லன். அது சதவீதம் இல்லை, பர்சன்டைல். தமிழில் சதமானம் என்று எழுதுகிறார்கள், அப்படி எழுதினால் இன்னும் குழப்பம்தான்.

இப்படிப் பாருங்கள். உங்கள் மகளோடு அதே வாரியத்தில், அதே பிரிவில் தேர்ச்சி பெற்றவர்கள் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். மார்க் குறைந்தவரில் தொடங்கி அதிகம் வாங்கியவர் வரை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தால், முதல் 800 பேரைத் தாண்டி அந்தக் கடைசி 200 பேருக்குள் உங்கள் பெண் நிற்க வேண்டும். அவ்வளவுதான் 80 பர்சன்டைல். அந்த 801ஆவது ஆள் என்ன மார்க் வாங்கியிருக்கிறாரோ அதுதான் அந்த வருடத்துக் கட்-ஆஃப். கேள்வித்தாள் சுலபமாக வந்து எல்லோரும் அள்ளிக் குவித்த வருடம் அது 80 சதவீதத்துக்கு வெகு மேலே போய்விடும், கணக்குத் தாள் கழுத்தை அறுத்த வருடம் கீழே இறங்கும். மாநில வாரியத்துக்கு ஒன்று, சிபிஎஸ்இக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, வணிகவியலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். அதனால் பக்கத்து வீட்டுப் பையன் இதே 81ஐ வைத்து வாங்கினான் என்றால் அதில் அதிசயமும் இல்லை, அநியாயமும் இல்லை.

என்னைக் கேட்டால், நிராகரிக்கப்பட்ட உங்கள் மகளைவிட, 76 சதவீதம் வாங்கிவிட்டு 'நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது' என்று விண்ணப்பமே போடாமல் விட்ட பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு அதிக வருத்தம். அவர்களில் சிலர் அந்தக் கடைசி 200 பேருக்குள்தான் நின்றிருப்பார்கள். ஆக, மார்க்கைப் பார்த்து நீங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள், போட்டு வையுங்கள்.

இன்னொரு விஷயம். கட்-ஆஃபைத் தாண்டினாலே பணம் வந்துவிடாது. நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 82,000 புதிய இடங்கள்தான், அதில் ஆண்களுக்கு 41,000, பெண்களுக்கு 41,000. எந்த மாநிலத்துக்கு எத்தனை என்பதை 18 முதல் 25 வயது மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள், அதற்குள் அறிவியல், வணிகவியல், கலைப் பிரிவுகளுக்கு 3:2:1 என்று பங்கு போடுகிறார்கள், அதற்குள் இட ஒதுக்கீடு. இத்தனை சல்லடையும் தாண்டி விழுந்தால் இளநிலைப் படிப்பில் முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுநிலையில் ஆண்டுக்கு 20,000. பி.இ., பி.டெக். மாதிரி நான்கு வருடப் படிப்பென்றால் நான்காம் வருடம் 20,000 வரும்.

மெரிட் ஸ்காலர்ஷிப் என்று சொல்லிவிட்டு வருமானச் சான்றிதழ் கேட்கிறார்களே, இது என்ன நியாயம்? – ஒரு வாசகர், வேலூர்

நியாயம் இருக்கிறது சார். அரசு 'மெரிட்' என்று சொல்லும் திட்டங்களில் பெரும்பாலானவை உண்மையில் 'மார்க்கும் வேண்டும், வசதியும் குறைவாக இருக்க வேண்டும்' ரகம். மேலே சொன்ன மத்தியத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதத்துக்குப் பிரித்தால் 37,500 ரூபாய். முன்பு 8 லட்சம் வரை அனுமதித்தார்கள், அந்தப் பழைய கணக்கு இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை நம்பி இ-சேவை மையத்துக்கு அலையாதீர்கள்.

வருமானமே பார்க்காத, சுத்தமான மெரிட் திட்டமும் உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

சார், நான் பிளஸ் டூவில் எங்கள் மாவட்டத்திலேயே மிக நல்ல மார்க். வருடம் 80,000 தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை எனக்குக் கிடைக்கும் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னார். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துவிட்டேன். இப்போது கிடைக்காது என்கிறார்கள். – ஒரு மாணவர், நாமக்கல்

தம்பி, உங்கள் ஆசிரியர் சொன்னது சரி, நீங்கள் சேர்ந்த படிப்புதான் அதில் இல்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம், பிள்ளைகள் அடிப்படை அறிவியல் பக்கம் வரவேண்டும் என்பதற்காகவே 2008இல் தொடங்கியது. எல்லோரும் இன்ஜினியரிங்கும் மருத்துவமும் என்று ஓடும்போது இயற்பியல், வேதியியல், கணிதம் படிக்க ஆள் வேண்டுமே, அதற்கான தூண்டில் அது. இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மண்ணையும் பாறையையும் படிக்கும் ஜியாலஜி என்று மொத்தம் 18 பாடங்கள் பட்டியலில் உண்டு. எலெக்ட்ரானிக்ஸ்கூட இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, வேளாண்மை இல்லை, இன்ஜினியரிங்கும் மருத்துவமும் இல்லவே இல்லை. பட்டத்தின் பெயரில் பி.எஸ்சி. என்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் நம் ஊரில் வருடா வருடம் இருக்கிறார்கள், ஏனென்றால் நம் கல்லூரிகளில் முதலில் நிரம்பும் பி.எஸ்சி. அதுதானே.

படிப்பு சரியாக இருந்தால் விஷயம் இதுதான். உங்கள் வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகளில் முதல் 10,000 ரேங்குக்குள் வந்தவர்கள் இந்தப் பாடங்களில் சேர்ந்தாலும் வரலாம். வயது 17 முதல் 22. வருமான வரம்பு கிடையாது. 80,000 என்கிறார்களே, அது முழுவதும் கையில் வராது: 60,000 ரொக்கம், மீதி 20,000 கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரின் கீழ் செய்யும் ஆய்வுப் பணிக்கானது. அந்த ஆய்வைச் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஊருக்குப் போய் மாமா கடையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது கணக்கில் வராது.

முதல் 1 சதவீதத்துக்குள் இருப்பதாக வாரியம் தரும் கடிதம் கையில் இல்லையே என்று சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், துறையினரே கட்-ஆஃபோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

உங்களுக்கு என் யோசனை: பணத்துக்காகப் படிப்பை மாற்றாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடித்துத்தானே சேர்ந்தீர்கள்? அப்படியென்றால் அதிலேயே இருங்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தால் முதல் கேள்வியில் சொன்ன திட்டத்துக்கு இந்த வருடமே விண்ணப்பியுங்கள். முதலாம் ஆண்டில் விட்டால் இரண்டாம் ஆண்டில் புதிதாக நுழைய முடியாது.

ஐயா, என் பையனுக்கு உதவித்தொகை 'சாங்ஷன்' ஆகிவிட்டது என்று ஆன்லைனில் காட்டுகிறது. வங்கிக்குப் போனால் பணமே வரவில்லை என்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் எங்கள் வேலை முடிந்துவிட்டது என்கிறார்கள். எட்டு மாதமாக நடக்கிறோம். – ஒரு தந்தை, விழுப்புரம்

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் மார்க் போதாமல் பணம் இழந்தவர்களைவிட இப்படி இழந்தவர்கள்தான் அதிகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு பையன் வந்தான். கையில் பிளாஸ்டிக் கவரில் போட்ட பாஸ்புக், ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது, வாராவாரம் என்ட்ரி போடப் போய் போய் வங்கிக்காரருக்கே இவனைப் பார்த்தால் அலுப்பு. பணம் செலுத்தப்பட்டதாக அரசு சொல்கிறது, பாஸ்புக்கில் இல்லை. எங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் மெதுவாகத் தோண்டிப் பார்த்தோம். பணம் போயிருந்தது, ஆனால் வேறு ஒரு கணக்குக்கு. 'எனக்கு வேற அக்கவுண்டே இல்லை சார்' என்று சத்தியம் செய்தான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவனுக்கே ஞாபகம் வந்தது, இரண்டு வருடம் முன்பு சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் இரண்டு மூன்று முறை விரல் வைக்கச் சொன்னாராம். அதில் ஒரு விரல் சிம்முக்கு, இன்னொன்று அவனுக்கே தெரியாமல் திறந்த ஒரு கணக்குக்கு. பணம் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதும் கணக்கு எண்ணுக்குப் பணம் போவதில்லை, ஆதார் எண்ணுக்குப் போகிறது. அந்த ஆதாரோடு எந்த வங்கி இணைக்கப்பட்டிருக்கிறது என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியல் ஒன்று சொல்கிறது. ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குத்தான் அதில் இருக்கும், கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. வங்கியில் 'ஆதார் லிங்க் ஆகியிருக்கா' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அவர்கள் சொல்வது கேஒய்சிக்காக, அதாவது நீங்கள் யார் என்று வங்கி உறுதி செய்துகொள்வதற்காக, ஆதார் நகல் கொடுத்ததை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கா?' அதாவது, அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் கணக்காக இதை அந்தப் பட்டியலில் ஏற்றியாகிவிட்டதா என்று. இந்த ஒரு சொல்லில்தான் எட்டு மாதம் ஒளிந்திருக்கிறது.

அதனால் வீட்டிலேயே ஆதார் இணையதளத்தில் மை ஆதார் பக்கத்துக்குள் போய், ஓ.டி.பி. போட்டு, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதை அழுத்துங்கள். எந்த வங்கி, இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். நீங்கள் நினைத்த வங்கி இல்லையென்றால், நினைத்த வங்கிக்குப் போய் சீடிங் படிவம் கொடுங்கள். அப்புறம் அரசுப் பணம் எங்கே போனது என்று காட்டும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் 'நோ யுவர் பேமென்ட்' பகுதியில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் பணம் போனதா, திரும்பியதா என்று தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தலைவலி பெயர். இது முழுக்க முழுக்க நம் தமிழ்நாட்டுத் தலைவலி. நமக்கு இன்ஷியல்தானே. மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பெயருக்கு முன்னால், வங்கியில் அப்பா பெயரை முழுசாக விரித்து எழுதியிருப்பார்கள். போதாக்குறைக்குக் கார்த்திக் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் கடைசி எழுத்துக்கு முன்னால் 'சி' போட்டும் இன்னொரு இடத்தில் போடாமலும் எழுதியிருப்பார்கள். நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே ஆதாரை மாற்றுவதுதான் சுலபம், மார்க் ஷீட்டை மாற்றப் போனால் ஆயுசு போய்விடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டில் நாலு பேர் படித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறேன். மத்திய அரசின் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பிக்கலாமா? தோழிகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். – ஒரு மாணவி, தஞ்சாவூர்

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், இரண்டு திட்டமும் இரண்டு விதமாகச் சொல்வதுதான். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய, தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் விதி, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறது. மத்தியத் திட்டத்தின் விதியோ, மாநில அரசின் உதவித்தொகை, கட்டணச் சலுகை உட்பட வேறு எதையும் பெறாதவராக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, எதிர் வீட்டில் தாழ்ப்பாள். இந்த இரண்டு விதியில் நீங்கள் கையெழுத்துப் போட்டு உறுதிமொழி தருவது மத்தியத் திட்டத்துக்குத்தான், அதனால் இறுக்கமான விதியையே பின்பற்றுங்கள். பிடிபட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் 1,000 என்றால் வருடத்துக்கு 12,000. மத்தியத் திட்டமும் முதல் மூன்று வருடத்துக்கு அதே 12,000. ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை. ஆனால் மத்தியத் திட்டத்தில் ஒவ்வொரு வருடமும் மார்க்கும் வருகைப்பதிவும் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பணம் வருடத்துக்கு ஒரு முறை, எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் உதவும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையில் இருப்பதை விட மாட்டேன்.

அண்ணனோ தம்பியோ அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறார்களா? ஆண்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுமே மார்க் பார்ப்பதில்லை, எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்றுதான் பார்க்கின்றன.

இரண்டாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர். ஸ்காலர்ஷிப் போய்விடுமா? ராத்திரி தூக்கமே வரவில்லை அண்ணா. – ஒரு மாணவி, மதுரை

தூங்குங்கள் தங்கச்சி. மத்திய அரசுத் திட்டத்தின் புதுப்பித்தல் விதி இரண்டே வரி: அந்த ஆண்டுத் தேர்வில் மொத்தம் 50 சதவீத மார்க், 75 சதவீத வருகைப்பதிவு. முதலில் இரண்டு செமஸ்டரையும் சேர்த்து 50 வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். அரியர் என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று புதுப்பித்தலுக்கே விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு. கல்லூரியில் உதவித்தொகை வேலையைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் மார்க் ஷீட்டோடு போய் நில்லுங்கள், மறைக்காதீர்கள், அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து மேலே அனுப்பப் போவது அவர்தான்.

நான் பார்த்தவரை புதுப்பித்தலில் பிள்ளைகள் கோட்டைவிடுவது மார்க்கால் அல்ல, மறதியால். முதல் வருடம் அப்பா, அம்மா, மாமா, இ-சேவை அண்ணன் என்று ஊரே கூடி விண்ணப்பம் போடும். இரண்டாம் வருடம் 'அதான் கிடைச்சிருச்சே, தானா வரும்' என்று உட்கார்ந்துவிடுவார்கள். தானாக வராது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் வருடா வருடம் உள்ளே போய்ப் புதுப்பித்தலைச் சமர்ப்பிக்க வேண்டும், கல்லூரி அதைச் சரிபார்க்க வேண்டும், அதற்கு மேல் ஒரு அலுவலர் சரிபார்க்க வேண்டும். குறை இருந்தால் திருத்தச் சொல்லி உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள், அந்தத் திருத்தத்துக்கும் கடைசித் தேதி உண்டு. அதனால் சமர்ப்பித்ததோடு மறந்துவிடாமல் வாரம் ஒரு முறை நிலவரத்தைப் பாருங்கள். செல்போனில் எதை எதையோ பார்க்கிறோம்.

மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். டிப்ளமோவுக்கு எதுவும் இல்லையா? – ஒரு தந்தை, ஓசூர்

மேலே சொன்ன 12,000 ரூபாய்த் திட்டம் டிப்ளமோவுக்குக் கிடையாது. ஆனால் உங்கள் மகளுக்கு அதைவிடப் பெரியது இருக்கிறது: தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. பெண்களுக்கு மட்டும். வருடத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், முதலாம் ஆண்டு மாணவியாகவோ, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தகுதித் தேர்வு மார்க் வரிசைப்படிதான் தேர்ந்தெடுப்பார்கள். பிள்ளைக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் இருந்தால் அதே தொகைக்குச் சக்‌ஷம் என்று தனித் திட்டம், அது ஆண்களுக்கும் உண்டு.

கம்மியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள் இதை. பாலிடெக்னிக் என்றாலே ஸ்காலர்ஷிப் இல்லை என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். கல்லூரிக்கு இப்போதே ஏதாவது செய்து வைக்க முடியுமா? – ஒரு மாணவர், ராமநாதபுரம்

முடியும், இந்த வயதில் இப்படிக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு ஷொட்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு என்று 2023இல் தொடங்கினார்கள், அரசுப் பள்ளிப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு. 500 மாணவர், 500 மாணவியர் என்று 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களிலிருந்து: ஒரு தாள் கணிதம், இன்னொரு தாள் அறிவியலும் சமூக அறிவியலும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களா? தம்பி தங்கையிடமாவது வாங்கி வையுங்கள். அறிவிப்பு எப்போது, எந்த வகுப்புக்கு வருகிறது என்று தலைமையாசிரியரிடம் மாதம் ஒரு முறை கேளுங்கள், அவருக்கே அலுக்கும் வரை.

ஒருவர் 500 ரூபாய் கொடுத்தால் லிஸ்டில் பெயர் வர வைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா? – பெயர் வேண்டாம், சேலம்

கொடுக்காதீர்கள். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. மார்க் வரிசையைக் கம்ப்யூட்டர் போடுகிறது, அந்த ஆள் போடுவதில்லை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் வாங்குவார்கள், அது ரசீதோடு வரும் நியாயமான கட்டணம். 'ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். கல்லூரியில் எந்த வருடம், எந்த குரூப் என்று சரியாகவே சொல்வார்கள், அதை வைத்து நம்பிவிடாதீர்கள்.

வருமானச் சான்றிதழ் எப்போது எடுப்பது? கல்லூரி சேர்ந்த பிறகு போதுமா? – ஒரு தாய், கரூர்

போதாதம்மா, மே மாதமே எடுத்துவிடுங்கள். ஜூலையில் ஊரே இ-சேவை மையத்தில் நிற்கும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும், நடுவில் யாராவது லீவு போட்டால் அத்தோடு ஒரு வாரம். சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். எடுத்ததும் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், அப்புறம் தொகையைப் பாருங்கள். ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்து 96,000 ரூபாய் வருமானம் 9,60,000 ஆன சான்றிதழை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா இட்லி கடை வைத்திருந்தார்.

அதே நேரத்தில் மகனுக்கோ மகளுக்கோ தேசிய உதவித்தொகைத் தளத்துக்கான ஒருமுறைப் பதிவு எண்ணையும் எடுத்து வைத்துவிடலாம். ஆதாரை வைத்து 14 இலக்கத்தில் தருகிறார்கள், செல்போனில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வேலை அது. படிப்புக் காலம் முழுவதும் அதே எண்தான், எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

எம்.எஸ்சி. சேரப் போகிறேன். இளநிலையில் எந்த உதவித்தொகையும் வாங்கவில்லை. இனிமேல் வாய்ப்பு உண்டா? – ஒரு மாணவி, திருநெல்வேலி

உண்டு, அதுவும் தொகை பெரியது. யு.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் 10,000 இடங்கள், மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்கு 10 மாதம். அதாவது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், வயது 30க்குள், நேரடிக் கல்லூரிப் படிப்பாக இருக்க வேண்டும், அஞ்சல் வழிக்கு இல்லை. இளநிலை மார்க்கை வைத்துத்தான் தேர்வு, தனியாகப் பரீட்சை கிடையாது. 30 சதவீத இடம் பெண்களுக்கு.

உங்கள் இளநிலை மார்க் ஷீட்டில் மொத்த சதவீதம் அச்சாகியிருக்கிறதா, வெறும் சி.ஜி.பி.ஏ. மட்டும்தான் இருக்கிறதா? சி.ஜி.பி.ஏ. மட்டும் என்றால், அதைச் சதவீதமாக மாற்றிய சான்றிதழைப் பழைய கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கிவிடுங்கள். டி.சி. வாங்கப் போகும் அதே நாளில் கேட்டால் ஒரே பஸ் செலவோடு போகும்.